ஆடம் ஆஸ்பர்னும் திருவண்ணாமலையும்: தொடக்ககால எடுத்துச்செல் கணினியின் வன்பொருள் வரலாறு – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

வணிக நோக்கில் வெற்றி பெற்ற முதல் எடுத்துச்செல் தனியாள் கணினியாகக் கருதப்படுவது 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்பர்ன்-1 ஆகும். அதனை உருவாக்கிய நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆடம் ஆஸ்பர்ன் (1939–2003) தம் இளமைப் பருவத்தைத் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் கழித்தவர். வணிகவியல் நூல்கள் இவரை ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்னும் எச்சரிக்கைக் கதையாகச் சுருக்குகின்றன. ஆன்மிக நூல்கள் இரமணாசிரமத்தில் வளர்ந்த சிறுவராக மட்டும் காண்கின்றன. இவ்விரு சித்திரிப்புகளையும் விலக்கி, அக்கணினியின் வன்பொருள் அமைப்பையே முதன்மைச் சான்றாகக் கொண்டு அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘போதுமானது போதும்’ என்ற அவரது வடிவமைப்புக் கொள்கை யாருக்குப் போதுமானதாக இருந்தது என்னும் வினாவைத் தமிழ் எழுத்தை முன்வைத்து எழுப்புவது கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: ஆடம் ஆஸ்பர்ன், எடுத்துச்செல் கணினி, ஆஸ்பர்ன்-1, திருவண்ணாமலை, வன்பொருள் வரலாறு, தமிழ்க் கணிமை

1. முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, குறியாக்கம், விசைப்பலகை ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றன. எழுத்தைத் தாங்கும் பொறியின் வரலாறு, அதாவது நுண்செயலி, நினைவகம், திரை, வட்டியக்கி ஆகியவற்றின் வரலாறு, அவற்றில் பின்னணியாக நின்றுவிடுகிறது. எந்த எழுத்து திரையில் தோன்றும், எது தோன்றாது என்பதை முதலில் தீர்மானிப்பது வன்பொருளே. ஆகவே, பொறியின் வரலாற்றைத் தமிழ் நோக்கில் எழுதுவது தேவையாகிறது.

இத்தேவைக்குப் பொருத்தமான களமாகத் திருவண்ணாமலை அமைகிறது. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் 2011ஆம் ஆண்டுக்குப் பின் விலையில்லா மடிக்கணினி பெற்றனர். மடிக்கணினியின் முன்னோடிகளுள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர், அதே வட்டாரத்தில் 1940களில் சிறுவராக வாழ்ந்தவர். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்தவுடன் ‘மடிக்கணினி பிறந்தது அருணையில்’ எனப் பெருமிதம் கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. அத்தகைய உரிமைகோரல் வரலாறாகாது. இரண்டுக்கும் இடையே உண்மையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதே ஆராயத்தக்கது.

2. திருவண்ணாமலைப் பின்புலம்

ஆடம் ஆஸ்பர்ன் 1939 மார்ச் 6 அன்று பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். பாங்காக்கில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியவர். தாய் லூசியா போலந்து நாட்டவர். 1941ஆம் ஆண்டு லூசியா தம் மூன்று குழந்தைகளுடன் திருவண்ணாமலைக்கு வந்து தங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் தாய்லாந்தில் நுழைந்தபின், பாங்காக்கில் இருந்த ஆர்தர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 1945இல் போர் முடிந்த பின்னரே அவரால் குடும்பத்துடன் சேர முடிந்தது. ஆக, ஆடமின் நினைவு தெரிந்த முதல் ஆண்டுகள் தந்தையில்லாத வீட்டில், இரமணாசிரமச் சூழலில் கழிந்தன.

பின்னர் அவர் கொடைக்கானலில் உள்ள கத்தோலிக்க உறைவிடப் பள்ளியில் பயின்றார். 1950இல், தம் பதினொன்றாம் வயதில், இங்கிலாந்துக்குச் சென்றார். இரமணர் மறைந்ததும் அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்றுதான்.

ஆர்தர் ஆஸ்பர்ன் இரமணர் பற்றிய ஆங்கில நூல்களின் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவர். அவர் எழுதிய இரமணர் வரலாறு 1954இல் வெளிவந்தது. 1964இல் ஆசிரமத்தின் சார்பில் தொடங்கப்பட்ட ‘தி மவுண்டன் பாத்’ என்னும் காலாண்டிதழின் நிறுவன ஆசிரியராக அவர் 1970இல் மறையும் வரை இருந்தார்.

ஆசிரம வாழ்வின் எளிமையே ஆடமின் பிற்கால வடிவமைப்புக் கொள்கைக்கு வித்து எனக் கொள்வது கேட்பதற்கு இனியது. ஆயினும் ஒருவரது பதினொரு வயதுக்கு உட்பட்ட சூழலையும் அவரது நாற்பத்திரண்டாம் வயதில் வெளிவந்த வணிகப் பொருளையும் நேரடியாக இணைப்பது முறையியலுக்கு ஒவ்வாது. பின்வரும் பகுதிகள் காட்டுவதுபோல, அக்கொள்கையை விளக்க அக்காலக் கணினிச் சந்தையே போதுமானது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே கண்கூடாகத் தெரியும் ஒப்புமை ஒன்று உண்டு. இருவரும் கடினமான பொருளைப் பொதுவாசகருக்கு விளக்கும் நூலாசிரியர்களாகவும் பதிப்புப் பணியில் ஈடுபட்டவர்களாகவும் விளங்கினர். ஆடம் கணினித் துறைக்குள் நுழைந்தது பொறியாளராக அன்று, நூலாசிரியராகவே.

3. நூலிலிருந்து பொறிக்கு

ஆடம் 1961இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியிலிருந்து விலகியபின் கணினி நிறுவனங்களுக்குக் கையேடுகள் எழுதித் தந்தார்.

1970களின் நடுப்பகுதியில் நுண்செயலி பரவத் தொடங்கியபோது, அதனைத் தெளிவாக விளக்கும் நூல்கள் அரிதாக இருந்தன. நுண்கணினி அறிமுக நூல் ஒன்றை எழுதிய ஆடம், பதிப்பாளர் மறுத்ததால் 1975இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஐஎம்எஸ்ஏஐ என்னும் கணினி நிறுவனம் தான் விற்ற ஒவ்வொரு கணினியுடனும் அந்நூலின் படியொன்றை இணைத்து அனுப்பியது. இலட்சக்கணக்கான படிகள் விற்ற அந்நூல் வரிசையால் வளர்ந்த அவரது பதிப்பகத்தை 1979இல் மெக்ரா-ஹில் நிறுவனம் வாங்கியது.

இச்செய்தி வன்பொருள் வரலாற்றுக்கு இன்றியமையாதது. ‘பொறியுடன் நூலையும் சேர்த்துத் தருதல்’ என்னும் விற்பனை முறையை ஆடம் முதலில் நூலின் பக்கத்திலிருந்து கண்டார். பிற்காலத்தில் பொறியுடன் மென்பொருளைச் சேர்த்துத் தந்தது அதன் நீட்சியே எனலாம். மேலும், கணினி இதழ்களில் அவர் எழுதிய பத்திகள் நிறுவனங்களின் விலையையும் தரத்தையும் கடுமையாக விமர்சித்தன. விமர்சகர் உற்பத்தியாளராக மாறியதன் விளைவே ஆஸ்பர்ன்-1.

4. ஆஸ்பர்ன்-1க்கு முன்னிருந்த முயற்சிகள்

எடுத்துச்செல் கணினி என்னும் கருத்து ஆடமுடையது அன்று. ஆலன் கே 1972இல் குழந்தைகள் கையில் ஏந்திப் பயன்படுத்தும் ‘டைனபுக்’ என்னும் கணினியைக் கற்பனையாக முன்வைத்தார். 1975இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 5100 கணினி ஏறத்தாழ 25 கிலோ எடை கொண்டது. அதன் தொடக்க விலையே 9000 டாலருக்கு நெருக்கமாக இருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையம் 1978இல் ‘நோட்டேக்கர்’ என்னும் மாதிரியைச் செய்தது. விசைப்பலகையே மூடியாக அமைதல், சிறு திரையும் வட்டியக்கியும் அருகருகே நிற்றல் என்னும் தோற்றத்தில் அது ஆஸ்பர்ன்-1க்கு முன்னோடி. ஏறத்தாழ 22 கிலோ எடை கொண்ட அம்மாதிரி சில படிகளோடு நின்றுவிட்டது, விற்பனைக்கு வரவில்லை.

ஆகவே ஆஸ்பர்ன்-1இன் புதுமை கருத்தில் இல்லை. இருந்த உறுப்புகளைத் தேர்ந்து, சாதாரணத் தொழில்முனைவோர் வாங்கும் விலையில் ஒரே பெட்டிக்குள் அடக்கியதில்தான் உள்ளது.

5. ஆஸ்பர்ன்-1இன் வன்பொருள் அமைப்பு

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மேற்குக் கடற்கரைக் கணினிக் கண்காட்சியில் ஆஸ்பர்ன்-1 அறிமுகமானது. விலை 1795 டாலர். வன்பொருளை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். அவர் நுண்கணினி ஆர்வலர்களின் ஹோம்ப்ரூ கணினிக் கழகத்தில் முக்கியப் பங்காற்றியவர். கணினியின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

நுண்செயலி: 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் சைலாக் இசட்-80.
நினைவகம்: 64 கிலோபைட்.
சேமிப்பு: 5¼ அங்குல நெகிழ்வட்டு இயக்கிகள் இரண்டு, ஒவ்வொரு வட்டும் ஏறத்தாழ 90 கிலோபைட் கொள்ளும்.
திரை: 5 அங்குல ஒருநிறக் கதிர்க்குழாய், வரிக்கு 52 எழுத்து, 24 வரி.
எடை: ஏறத்தாழ 11 கிலோ.
இயக்குதளம்: சிபி/எம்.

இவற்றுள் திரை தனியே நோக்கத்தக்கது. இரு வட்டியக்கிகளுக்கு நடுவே எஞ்சிய இடத்தில் 5 அங்குலக் குழாய் மட்டுமே அடங்கியது. ஆனால் அக்கால அலுவலக ஆவணங்கள் வரிக்கு 80 எழுத்து என்னும் அளவில் அமைந்தன. இம்முரணைத் தீர்க்க ஃபெல்சன்ஸ்டைன் கையாண்ட வழி நுட்பமானது. நினைவகத்தில் 4 கிலோபைட் பகுதி திரைக்கென ஒதுக்கப்பட்டது. அதில் 128 எழுத்து அகலமும் 32 வரி உயரமும் கொண்ட பக்கம் ஒன்று நின்றது. 128ஐ 32ஆல் பெருக்க வரும் 4096 இடங்கள் அப்பகுதிக்குத் துல்லியமாகப் பொருந்தின. திரை அப்பக்கத்தின் மீது நகரும் பலகணியாகச் செயல்பட்டது. பயனர் விசைகளைக் கொண்டு அப்பலகணியை இடமும் வலமும் நகர்த்திப் படித்தார்.

‘எடுத்துச்செல்’ என்பதன் பொருளும் இங்கு வரையறுக்கப்பட வேண்டும். இப்பொறிக்குள் மின்கலம் இல்லை. சென்ற இடத்தில் மின்னிணைப்பு வேண்டும். மடியில் வைக்கவும் இயலாது. விமான இருக்கைக்கு அடியில் அடங்கும் தையல் இயந்திரப் பெட்டி போன்ற வடிவமே அதன் அளவுகோல். மின்கலத்தில் இயங்கும் எப்சன் எச்எக்ஸ்-20, தட்டைத்திரையும் மடிப்பமைப்பும் கொண்ட கிரிட் காம்பஸ் ஆகியன 1982இல்தான் வந்தன. எப்சனின் திரை மிகச் சிறியது. கிரிட் காம்பஸின் விலையோ 8000 டாலரைக் கடந்தது.

6. ‘போதுமானது போதும்’ என்னும் கொள்கை

மிகச் சிறந்தது தேவையில்லை, பயனரின் வேலைக்குப் போதுமானது போதும் என்பதே ஆடம் வெளிப்படையாக அறிவித்த கொள்கை. ஒவ்வோர் உறுப்பும் அதற்குச் சான்று. நுண்செயலி அப்போதே பழகிய ஒன்று, நெகிழ்வட்டு ஒருபக்கப் பதிவு கொண்டது, திரை ஒருநிறம், கூடுதல் அட்டைகளைச் செருகும் இடம் இல்லை.

வன்பொருளில் மிச்சப்படுத்தியதை மென்பொருளில் அவர் ஈடுசெய்தார். வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலி, சூப்பர்கால்க் என்னும் விரிதாள், இரு பேசிக் மொழிகள் ஆகியன கணினியுடன் சேர்த்தே தரப்பட்டன. தனித்தனியே வாங்கினால் இவற்றுக்கு ஏறத்தாழ 1500 டாலர் ஆகும். பெட்டியைத் திறந்தவுடன் கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம் என்னும் நிலையை அளித்ததே இப்பொறியின் உண்மையான ஈர்ப்பு. 1982இல் விற்பனை உச்சத்தை எட்டியபோது மாதத்திற்கு 10,000 கணினிகள் வரை விற்றன.

7. வீழ்ச்சி: ‘ஆஸ்பர்ன் விளைவு’ குறித்த மறுபரிசீலனை

1983 செப்டம்பர் 13 அன்று ஆஸ்பர்ன் நிறுவனம் திவால் மனு அளித்தது. அடுத்துவரும் ‘எக்ஸிக்யூட்டிவ்’ மாதிரியைப் பற்றி ஆடம் முன்கூட்டியே பேசிவிட்டார்; வாடிக்கையாளர்கள் பழைய மாதிரியை வாங்காமல் காத்திருந்தனர்; வருவாய் நின்று நிறுவனம் வீழ்ந்தது என்பதே வழக்கமான விளக்கம். ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்னும் தொடர் இன்று மேலாண்மைப் பாடத்தில் நிலைபெற்றுவிட்டது.

முன்னறிவிப்பு தீங்கு செய்தது என்பதை மறுக்க இயலாது. எனினும் அதனை ஒரே காரணமாகக் கொள்வதைக் காலவரிசை அனுமதிப்பதில்லை. முதலாவதாக, 1982இல் வெளிவந்த கேப்ரோ-II அதே 1795 டாலர் விலையில் 9 அங்குலத் திரையையும் 80 எழுத்து வரியையும் அளித்தது. அதன்முன் நகரும் பலகணி நுட்பம் குறைபாடாகவே தோன்றியது. இரண்டாவதாக, 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் தனியாள் கணினி புதிய தரநிலையை உருவாக்கியது; மென்பொருள் நிறுவனங்கள் சிபி/எம் தளத்திலிருந்து அதன்பால் நகர்ந்தன. மூன்றாவதாக, ஐபிஎம் மென்பொருளை அப்படியே இயக்கவல்ல காம்பாக் போர்ட்டபிள் 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 1983இல் விற்பனைக்கு வந்தது. இதன் விலை ஆஸ்பர்ன்-1ஐ விட 1000 டாலருக்கு மேல் மிகுதி, இருந்தும் வாங்கினர். நான்காவதாக, குறுகிய காலத்தில் பெருகிய உற்பத்தியையும் சரக்கிருப்பையும் கணக்கில் வைக்கும் மேலாண்மை நிறுவனத்திடம் வளரவில்லை.

இந்நான்கில் முதல் மூன்றும் வன்பொருள் சார்ந்தவை. 7 அங்குலத் திரையும் 80 எழுத்து வரியும் கொண்ட எக்ஸிக்யூட்டிவ் முதற்குறையை மட்டுமே தீர்த்தது. ‘போதுமானது’ என்பது நிலையான அளவன்று. போட்டியாளர் ஒருவர் அதே விலையில் கூடுதலாகத் தரும் நாளில் அது போதாததாகிவிடுகிறது. ஆடமின் நாவடக்கமின்மையைக் குற்றஞ்சாட்டும் கதை இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

8. யாருக்குப் போதுமானது? தமிழ் எழுத்தும் வன்பொருளும்

ஆஸ்பர்ன்-1இல் எழுத்தின் வடிவம் மென்பொருளில் இல்லை. மாற்ற இயலாத வாசிப்பு நினைவகச் சில்லு ஒன்றில் பதிக்கப்பட்டிருந்தது. திரை நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் நின்ற எண்ணுக்குரிய வடிவத்தை அச்சில்லு திரைக்கு அனுப்பியது. அவ்வாறு குறிக்கத்தக்க வடிவங்கள் 128 மட்டுமே. அவையும் ஆங்கில எழுத்து, எண், குறியீடு, சில வரைகுறிகள் ஆகியவற்றால் நிரம்பியிருந்தன. எல்லா வடிவத்திற்கும் ஒரே அகலம்.

தமிழுக்கு இவ்வமைப்பில் இடமில்லை. 247 எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்தாலும் உயிர், மெய், துணைக்கால், கொம்பு, தனித்தனி வடிவம் பெறும் உகர ஊகார உயிர்மெய்கள் என நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வேண்டும். ‘ர’ என்பதற்கும் ‘ண’ என்பதற்கும் ஒரே அகலத்தை வகுத்தால் ஒன்று விரியும், மற்றொன்று நெரியும். சில்லையே மாற்றினால் ஆங்கிலத்தை இழக்க நேரும். செருகுமிடம் இன்மையால் கூடுதல் அட்டை சேர்க்கவும் வழியில்லை. புள்ளிகளைத் தனித்தனியே ஒளிரச் செய்யும் படவரைவுத் திறனும் இல்லை.

இது ஆஸ்பர்ன்-1க்கு மட்டும் உரிய குறை அன்று. அக்கால மலிவுக் கணினிகள் பலவற்றின் பொது இயல்பு. எனினும் இங்கே ஓர் எதிர்மறை நகைநிலை உள்ளது. ஆஸ்பர்ன் நிறுவனத்தை வீழ்த்திய அதே ஐபிஎம் கட்டமைப்புத்தான் இந்திய எழுத்துகளுக்குக் கதவைத் திறந்தது. அதில் செருகுமிடங்கள் இருந்தன. படவரைவு அட்டை பொருத்த இயன்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்துப் பின்னர் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை அவ்விடங்களில்தான் செருகப்பட்டது. 1980களில் தனிமுயற்சியாக எழுந்த தமிழ்ச் சொற்செயலிகளும் படவரைவுத் திரையையே நம்பின. ஆங்கிலத்தை முதற்பாதியிலும் தமிழை மறுபாதியிலும் வைக்கும் 256 இடக் குறியாக்கங்களும், 1991இல் யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்த இடமும், 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையும், எழுத்து வடிவம் சில்லிலிருந்து மென்பொருளுக்கு இடம்பெயர்ந்ததால் பயன் பெற்றவையே.

ஆகவே ‘போதுமானது’ என்னும் சொல்லுக்குள் ஒரு பயனர் மறைந்திருக்கிறார். அவர் ஆங்கிலம் எழுதும் அமெரிக்கத் தொழில்முனைவர். அவருக்கு மிகையாகத் தோன்றிய செருகுமிடமும் படவரைவும், திருவண்ணாமலையில் தமிழ் எழுதும் ஒருவருக்கு அடிப்படைத் தேவையாயின.

9. திரும்புதல்

1984இல் ஆடம் ‘பேப்பர்பேக் சாஃப்ட்வேர்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, மலிவான மென்பொருள் விற்றார். அதன் விரிதாள் தங்கள் மென்பொருளைப் போலுள்ளது என லோட்டஸ் நிறுவனம் 1987இல் வழக்குத் தொடுத்தது. 1990இல் தீர்ப்பு லோட்டசுக்குச் சாதகமாக அமைந்தது. உடல்நலம் குன்றிய ஆடம் 1992இல் இந்தியா திரும்பி, கொடைக்கானலில் தம் சகோதரியுடன் வாழ்ந்து, 2003 மார்ச் 18 அன்று காலமானார்.

அதன்பின் எட்டாண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு வழங்கப்பட்டன. கீழ்பென்னாத்தூர் மாணவர் கையிலிருந்த அப்பொறி ஆஸ்பர்ன்-1இன் நேர்வழித் தோன்றல் அன்று. ஐபிஎம் மரபில் வந்தது. ஆனால் திட்டத்தை வகுத்தோர் முன்னிருந்த வினா ஆடமின் வினாவே: குறிப்பிட்ட விலைக்குள், ஒருவர் பெட்டியைத் திறந்தவுடன் வேலை செய்ய எவை போதும்? நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு, எம்மென்பொருள் சேர்த்துத் தருவது என்னும் பட்டியல் அவ்வினாவின் விடையாகும்.

10. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஆடம் ஆஸ்பர்ன் எடுத்துச்செல் கணினியைக் கண்டுபிடித்தவர் அல்லர். இருந்த உறுப்புகளையும் மென்பொருளையும் இணைத்து அதனை வாங்கத்தக்க பொருளாக்கியவர். அவரது இளமைக்காலத் திருவண்ணாமலை வாழ்வு வரலாற்று உண்மை. அவரது வடிவமைப்புக் கொள்கையை அதனோடு இணைப்பது ஊகம். நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு முன்னறிவிப்பைவிட வன்பொருள் போட்டியும் தரநிலை மாற்றமும் ஆழமான காரணங்கள். ‘போதுமானது’ என்னும் அளவுகோல் எப்போதும் ஒரு குறிப்பிட்ட மொழியையும் பயனரையும் முன்னிறுத்தியே வகுக்கப்படுகிறது. ஆஸ்பர்ன்-1இல் அப்பயனர் தமிழர் அல்லர்.

இறுதியாகக் கூறியதே இன்றைய ஆய்வாளர்க்கு நேரடித் தொடர்புடையது. அரசோ நிறுவனமோ மாணவர்க்கென ஒரு பொறியைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும், யாருடைய எழுத்தை மனத்திற்கொண்டு அதன் அளவுகள் வகுக்கப்பட்டன என வினவுதல் வேண்டும். தமிழ்க் கணிமை வரலாறு எழுத்துருவோடு நில்லாது, கொள்முதல் ஆவணங்களையும் சில்லுகளின் அமைப்பையும் சான்றுகளாகக் கொள்ளும்போது அவ்வினாவுக்கு விடை காண இயலும்.